நித்திரைக் குளிசை இல்லாமல் நாள்பட்ட நித்திரையின்மையை மாற்ற முடியுமா? புதிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பலருக்கு முடியும். நான் வைத்தியர் இல்லை. யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு இருக்கிறேன், அம்மாவின் நித்திரைப் பிரச்சினைக்காகத்தான் இவற்றைத் தேடி வாசித்தேன்.

கிழமைக்கு மூன்று இரவாவது நித்திரை கெட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட நித்திரையின்மை என்பார்கள். அதற்கு முதலில் கொடுக்க வேண்டியது குளிசை அல்ல, நித்திரை பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுகிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016 இலேயே வழிகாட்டல் வெளியிட்டது. பெயர் பெரிதாக இருந்தாலும் அதன் வலுவான பகுதிகளில் ஒன்று எளிமையானது: கட்டிலில் கிடக்கிற நேரத்தைக் குறைப்பது.

எங்கள் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. "நித்திரை வராட்டியும் படுத்துக் கிடந்தால் உடம்புக்கு ஓய்வுதானே" என்று அம்மா எட்டரைக்கே படுத்துவிடுவார். பிறகு நடுச்சாமம் தாண்டியும் புரண்டுகொண்டு கிடப்பார். மத்தியானம் சாய்மனைக் கதிரையில் ஒரு குட்டித் தூக்கம். இப்படியே போனால் கட்டிலைக் கண்டதும் மனம் விழித்துக்கொள்ளப் பழகிவிடும். நித்திரை வந்தால் மட்டும் படு, வராவிட்டால் எழும்பு என்கிற முறையை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972 இல் சொன்னார். கட்டில் நேரத்தைக் குறைக்கும் முறையை ஆர்தர் ஸ்பீல்மன் குழு 1987 இல் வெளியிட்டது.

செய்வது இப்படி. ஒன்றிரண்டு கிழமை, எப்போது படுத்தீர்கள், ஏறக்குறைய எவ்வளவு நேரம் நித்திரை கொண்டீர்கள் என்று கொப்பியில் எழுத வேண்டும். சராசரி ஐந்தரை மணித்தியாலம் என்றால், விடிய ஐந்துக்கு எழும்புகிறவர் இரவு பதினொன்றரைக்குத்தான் படுக்கலாம். பகல் நித்திரை கூடாது. கட்டிலில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதமளவு நித்திரையில் கழியத் தொடங்கியதும் 15 நிமிடம் கூட்டலாம். ஐந்து மணித்தியாலத்துக்குக் கீழே போகக் கூடாது. அம்மாவுக்கு அந்தப் பதினொன்றரை வசதியாகவே அமைந்தது, லண்டனில் இருக்கிற அக்கா வேலை முடிந்து அழைப்பு எடுக்கும் நேரத்தோடு இரவு நகர்ந்துவிடும். முதல் கிழமைகள் கஷ்டம்தான். பகலில் கண் சொருகும், அந்த நாட்களில் மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள். வலிப்பு உள்ளவர்களும் இருதுருவ மனநோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

என்னை மிகவும் கவர்ந்தது 2023 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒக்ஸ்போர்ட் ஆய்வு. இங்கிலாந்தில் 642 பேர். ஒரு பாதிக்கு நல்ல நித்திரைப் பழக்கங்கள் பற்றிய கையேடு மட்டும். மற்றப் பாதிக்கு அதே கையேட்டோடு, குடும்ப வைத்தியர் நிலையத் தாதியர் இந்த நேரக் குறைப்பு முறையையும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டாவது குழுவின் நித்திரையின்மை தெளிவாகக் குறைந்திருந்தது. "போனைத் தள்ளி வை, பின்னேரம் கோப்பி குடிக்காதே" என்ற அறிவுரை மட்டும் போதாது என்பது ஒரு விஷயம். அதைவிடப் பெரிது, இதைச் செய்ய உளவியலாளர்தான் வேண்டும் என்றில்லை. குறுகிய பயிற்சி பெற்ற தாதியரே செய்தார்கள். எங்கள் பிரதேச வைத்தியசாலைகளிலும் இதைத் தொடங்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

குளிசை ஏற்கனவே எடுக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுச் சடாரென நிறுத்திவிடாதீர்கள். டயசெபாம், குளோனசெபாம் போன்றவற்றை நீண்டகாலம் எடுத்துத் திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம். வைத்தியரோடு பேசிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது வேறு நோய், நித்திரைக் குளிசை அதை மோசமாக்கலாம். 1981 இல் சிட்னியில் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய, காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் கருவிதான் இன்றும் அதற்கு முதன்மைச் சிகிச்சை. உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான அளவில் இந்த நோய் உள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்ற ஊசி மருந்தையும் அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது.

இன்னொன்று, எங்கள் ஊரில் அதிகம் பேசப்படாதது. பொம்பர் சத்தமும் பங்கரும் இன்னும் கனவில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நித்திரைக்கே பயப்படுகிறார்கள். அந்தக் கனவின் முடிவைப் பகலில் வேறு விதமாக மாற்றி, மனதில் தினமும் ஓட்டிப் பார்க்கும் சிகிச்சை ஒன்று உண்டு. 2022 இல் ஜெனீவாவில் கெட்ட கனவு நோயுள்ள 36 பேரிடம், பாதிப்பேருக்கு அந்தப் பயிற்சியின்போது ஒரு பியானோ ஒலியைக் கேட்கவைத்தார்கள். பிறகு கனவு காணும் நித்திரைக் கட்டத்தில் எல்லோருக்கும் அந்த ஒலியைப் போட்டார்கள். பயிற்சியோடு சேர்த்து ஒலியைக் கேட்டவர்களுக்குக் கெட்ட கனவுகள் கூடுதலாகக் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் பயிற்சியின்போது ஒலியைக் கேட்காத மற்றப் பாதிப்பேருக்கும் பலன் இருந்தது. இப்படிக் கனவு வருகிறவர்கள் தனியே முயற்சிக்க வேண்டாம், மனநல கிளினிக்குக்குப் போய், "நித்திரை இல்லை" என்பதோடு நிறுத்தாமல் கனவைப் பற்றியும் சொல்லுங்கள்.