பார்லர் அனுபவம் நிறைய இருக்கு, ஸ்டேட் போர்ட் எக்ஸாமுக்கு எப்படி ரெடியாகுறது?

கேள்வி: மதுரையில 9 வருஷம் பார்லர் வச்சிருந்தேன் மேடம். இப்போ நியூயார்க்ல, குயின்ஸ்ல இருக்கோம். 600 மணி நேரம் எஸ்தெடிக்ஸ் (தோல் பராமரிப்பு) கோர்ஸ் முடிச்சாச்சு. எஸ்தெடிஷியன் லைசென்ஸுக்கு ஸ்டேட் வைக்கிற தியரி எக்ஸாம் ஒரு தடவை எழுதி ஃபெயில். ப்ராக்டிக்கலுக்கு எனக்கு பயமே இல்ல, கை வேலை நல்லா வரும். தியரிக்கு மட்டும் எப்படி படிக்கணும்னு சொல்லுங்க.

தியரி போனதுக்கு கவலைப்படாதீங்கமா, அதை சரி பண்ணிடலாம். ப்ராக்டிக்கலுக்கு பயமே இல்லன்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு அதுதான் கவலையா இருக்கு. ஊர்ல வருஷக்கணக்கா பார்லர் நடத்தினவங்கதான் அதுல அதிகமா மாட்டுறாங்க, ஏன்னா ஐப்ரோ எவ்ளோ அழகா வந்துச்சு, மசாஜ் எவ்ளோ சுகமா இருந்துச்சுன்னு அங்க யாரும் மார்க் போடப் போறதில்ல. உங்ககிட்ட வர்ற கஸ்டமருக்கு இன்ஃபெக்‌ஷன் வராம, தோல் வேகாம, கண்ணுல மருந்து படாம நீங்க வேலை பார்ப்பீங்களா, இதை மட்டும்தான் பார்க்கறாங்க. ஸ்டேட் லைசென்ஸ் குடுக்கறதே அதுக்குத்தான்.

என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, கோயம்புத்தூர்ல 12 வருஷ சர்வீஸ், ட்வீசர் கீழ விழுந்துச்சு, டக்குனு குனிஞ்சு எடுத்து ஆல்கஹால்ல தொடச்சுட்டு வேலையை தொடர்ந்துட்டா. அவளுக்கே தெரியல, கை பழக்கம். கீழ விழுந்தா அந்த பொருள் அன்னைக்கு முடிஞ்சுது, எடுத்து டிஸ்இன்ஃபெக்ட் பண்ண வேண்டியதைப் போடுற பைக்குள்ள போட்டுட்டு, கையை சானிடைஸ் பண்ணிட்டு, புதுசா இன்னொண்ணு எடுக்கணும். அதனால கிட்ல எல்லாமே ஒண்ணு எக்ஸ்ட்ரா வைங்க. வேக்ஸ்லயும் இதே கதை, நம்ம ஊர்ல ஒரே ஸ்பாட்டுலாவை திரும்பத் திரும்ப டப்பாக்குள்ள விட்டு எடுப்போம், இங்க ஒரு தடவை தோல்ல பட்ட ஸ்பாட்டுலா மறுபடி வேக்ஸ்குள்ள போகவே கூடாது. முதல்ல உங்க மணிக்கட்டு உள்பக்கம் சூடு பாருங்க, முடி வளர்ற பக்கமா தடவுங்க, தோலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு எதிர்ப்பக்கமா உரிங்க, உரிச்ச உடனே கையை வச்சு அழுத்துங்க. இதெல்லாம் உங்களுக்கு தெரிஞ்சதுதான், ஆனா எக்ஸாமினர் கண்ணுக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுற மாதிரி செய்யணும்.

ப்ராக்டிக்கல்ல என்னென்ன வரும்னா டேபிள் செட்டப், ட்ரேப்பிங் (கஸ்டமருக்கு துணி போர்த்தறது), க்ளென்சிங், சூடான டவல்ல ஸ்டீமிங், நெத்தியில அடைப்பை அழுத்தி எடுக்கற எக்ஸ்ட்ராக்‌ஷன், மசாஜ், மாஸ்க், புருவத்துல ட்வீசிங் வேக்சிங், மேக்கப், அப்புறம் ரத்தம் பட்டா என்ன செய்யணும்ங்கிற டெமோ. இந்த ரத்தம் பகுதியை நிறைய பேர் கடைசி நாள் பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க, அப்படி விடாதீங்க. வேலையை நிறுத்தணும், கிளவ்ஸ், காயத்தை க்ளீன் பண்ணணும், ஆன்டிசெப்டிக், பேண்டேஜ், ரத்தம் பட்டதெல்லாம் ரெண்டு பைக்குள்ள, கிளவ்ஸ் கழட்டி கையை சுத்தம் பண்ணணும், இந்த வரிசை தூக்கத்துல கேட்டாலும் வரணும். இன்னொண்ணு, எக்ஸாமினர் ஒவ்வொரு பகுதிக்கும் எழுதி வச்சிருக்கறதை இங்கிலீஷ்ல வாசிப்பாங்க, நடுவுல பேச்சு கிடையாது, முழுசா கேட்டு முடிச்சுட்டு கையை வைங்க. வீட்டுல பசங்களை டைமர் வச்சுக்கிட்டு அந்த இன்ஸ்ட்ரக்‌ஷனை வாசிக்க சொல்லி ஒத்திகை பாருங்க, அவங்க வேகமா இங்கிலீஷ் பேசறதே உங்களுக்கு ட்ரெய்னிங். பாட்டில், பை எல்லாத்துக்கும் இங்கிலீஷ்லயே லேபிள் ஒட்டிடுங்க.

இப்போ தியரி. நியூயார்க்ல வர்றது என்.ஐ.சிங்கிற தேசிய கவுன்சில் தயாரிக்கற எக்ஸாம், அதுல பாதிக்கு மேல சயின்ஸ்தான், ஃபேஷியல் எப்படி பண்றதுங்கிறது மீதி. அதோட கேண்டிடேட் புல்லட்டின், அதாவது எக்ஸாம் எழுதறவங்களுக்கான கையேடு, ஃப்ரீயாவே கிடைக்கும், எந்தப் பகுதிக்கு எவ்ளோ வெயிட்டேஜ்னு அதுலயே போட்டிருக்கு, முதல்ல அதை பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டுங்க. பெரிய டெக்ஸ்ட்புக்கை முதல் பக்கத்துலேர்ந்து படிக்கிறது வேலைக்கு ஆகாது.

நம்ம தமிழ்காரங்களுக்கு ஒரு தனி சிக்கல் இருக்கு. க்ளீனிங், டிஸ்இன்ஃபெக்‌ஷன், ஸ்டெரிலைசேஷன் மூணையும் மனசுக்குள்ள 'சுத்தம் பண்றது'ன்னே மொழிபெயர்த்துக்கறோம், எக்ஸாம்ல மூணும் வேற வேற. க்ளீனிங்னா சோப்பு தண்ணியில அழுக்கு எடுக்கறது. டிஸ்இன்ஃபெக்‌ஷன்னா கிருமியைக் கொல்றது, ஆனா ஸ்போர் (சில பாக்டீரியா கெட்டி ஓட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கற நிலை) சாகாது. ஸ்போரும் சாகணும்னா அது ஸ்டெரிலைசேஷன், அதுக்கு ஆட்டோகிளேவ்ங்கிற அழுத்த நீராவி மிஷின். முதல்ல கழுவாம நேரா கெமிக்கல்ல போட்டா அழுக்குக்கு அடியில கிருமி பத்திரமா இருக்கும், அதனால கழுவறதுதான் முதல் ஸ்டெப், அப்புறம் லேபிள்ல போட்டிருக்கற நேரம் முழுக்க ஊறணும்.

கால்வானிக் கரண்ட்லயும் (ஃபேஷியல்ல ப்ராடக்டை தோலுக்குள்ள அனுப்புற லேசான கரண்ட்) எல்லாரும் குழம்புவாங்க, அதுவும் ப்ளஸ் டூல கெமிஸ்ட்ரி படிச்சவங்க ஜாஸ்தி. கேத்தோட்னா நெகடிவ்தானே, அப்போ கேட்டஃபோரெசிஸ்க்கு நம்ம கையில இருக்கற எலக்ட்ரோட் நெகடிவ்னு எழுதிட்டு வந்துடுவாங்க, தப்பு. பொருள் எந்தப் பக்கம் போகுதோ அதை வச்சு பேர் வச்சிருக்காங்க. கேட்டஃபோரெசிஸ்ல நம்ம கையில பாசிடிவ், அமிலத்தன்மை உள்ள ப்ராடக்ட் உள்ள போகும். அனாஃபோரெசிஸ்ல நம்ம கையில நெகடிவ், ஆல்கலைன் ப்ராடக்ட், எண்ணெய் அடைப்பை இளக்குற டீஸின்க்ரஸ்டேஷன் இதுதான். பேஸ்மேக்கர், கர்ப்பம், வலிப்பு, உடம்புக்குள்ள உலோகம் இருக்கறவங்களுக்கு கரண்ட் கிடையாது. ஐசோட்ரெடினோயின்ங்கிற பரு மாத்திரை எடுக்கறவங்களுக்கு வேக்ஸ் கிடையாது.

மேல்தோலோட (எபிடெர்மிஸ்) அஞ்சு லேயரை மனப்பாடம் பண்ணுங்க, அதுல லூசிடம்ங்கிற லேயர் மட்டும் உள்ளங்கை உள்ளங்கால்லதான்ங்கிறதை அடிக்கடி கேப்பாங்க. மெலனோசைட், அதாவது தோலுக்கு நிறம் குடுக்கற செல், எண்ணிக்கை எல்லா நிறத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அது எவ்ளோ மெலனின் உருவாக்குதுங்கிறதுலதான் வித்தியாசம். நம்ம ஆளுங்க பெரும்பாலும் தோல் நிறத்தை 1லேர்ந்து 6 வரை பிரிக்கற ஃபிட்ஸ்பேட்ரிக் ஸ்கேல்ல 4லேர்ந்து 6க்குள்ள வருவாங்க, அதான் கெமிக்கல் பீல் கொஞ்சம் ஸ்ட்ராங்கா போனாலும் கருப்பா தழும்பு நிக்குது. இதை எக்ஸாமுக்கு மட்டும்னு படிக்காதீங்க, நாளைக்கு உங்க சேர்ல வந்து உக்காரப் போறதே நம்ம ஆளுங்கதான்.

கேள்வியில 'ஃபர்ஸ்ட்', 'நாட்', 'எக்ஸெப்ட்'னு வந்தா விரலை வச்சு நிறுத்தி இன்னொரு தடவை படிங்க. தெரிஞ்ச கேள்வியெல்லாம் அங்கதான் போகுது. சந்தேகமான மச்சம், புண்ணுன்னு வந்தா 'டாக்டர்கிட்ட அனுப்பணும்'ங்கிறதுதான் பதில், ஊர்ல நாமளே க்ரீம் சொல்லி பழகியிருப்போம், இங்க நோய் என்னன்னு சொல்றதே நம்ம லிமிட்டை தாண்டின வேலை.

டெக்சஸ்ல த்ரெடிங்குக்கு இதெல்லாம் தேவையில்லையாமேன்னு யாராவது சொல்வாங்க. 2015ல அந்த ஸ்டேட் சுப்ரீம் கோர்ட், த்ரெடிங் மட்டும் பண்றவங்களை 750 மணி நேரம் கோர்ஸ் படிக்க சொல்றது அநியாயம்னு தீர்ப்பு குடுத்தது உண்மைதான், ஆனா அது டெக்சஸோட நின்னுடும், நியூயார்க்ல லைசென்ஸ் வாங்கித்தான் ஆகணும்.

கடைசியா, எக்ஸாம் டேட் போடறதுக்கு முன்னாடி உங்க பேரை பாருங்க. நமக்கு இனிஷியல், அப்பா பேரு, வீட்டுக்காரர் பேருன்னு பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி ஸ்டேட் ஐடில ஒரு மாதிரி இருக்கும், அப்ளிகேஷன்ல இருக்கற பேரும் நீங்க காட்டப்போற ஐடில இருக்கற பேரும் ஒரே மாதிரி இல்லேன்னா உள்ளயே விடமாட்டாங்க. வித்தியாசம் இருந்தா இன்னைக்கே எழுதிப்போட்டு திருத்துங்க, அதுக்கு அப்புறம் டேட் புக் பண்ணுங்க.