நாலு பங்கு எங்கிருந்து வந்தது, தம்பி?

வாசகர் கடிதம்: “அப்பா தவறி இரண்டு மாதம் ஆகிறது. அவருக்கு வயது 78. பத்து லஞ்சாங் மயானத்தில் தகனம் செய்து, அஸ்தியைக் கடலில் கரைத்து, பதினாறாம் நாள் காரியத்தையும் குறைவில்லாமல் முடித்தோம். நான் மூத்தவன், கோலாலம்பூரில் வேலை. ஒரு தம்பி, இரண்டு தங்கைகள். பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் தரைவீடு அப்பா பெயரில் இருக்கிறது. உயில் இல்லை. வீட்டை விற்று நாலு பங்காகப் பிரிக்கலாம் என்கிறான் தம்பி. தங்கைகளுக்குக் கல்யாணத்தில் நகை போட்டோமே, அவர்களுக்கும் சம பங்கா? காரியச் செலவு 9,000 வெள்ளியை (ரிங்கிட்) நான்தான் போட்டேன், யாரும் திருப்பித் தரவில்லை. அப்பாவின் இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அம்மா பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறார். அதையும் பொதுவில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். குடும்பம் உடைந்துவிடும் போலிருக்கிறது. நல்லவேளை, அம்மாவால் பிரச்சினை இல்லை. தமிழில்தான் கையெழுத்துப் போடுவார், எங்கே காட்டினாலும் போட்டுவிடுவார். நான் என்ன செய்வது?”

தம்பி,

இதே கடிதம் பல வருடமாக எனக்கு வந்துகொண்டிருக்கிறது. செந்தூலில் இருந்து வரும், கிள்ளானில் இருந்து வரும், பிறையில் இருந்து வரும். தொகை மாறும், வீடு மாறும், சண்டை மாறாது. அதனால் ‘காலம் எல்லாவற்றையும் ஆற்றும்’ என்று நான் எழுதப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

“எங்கே காட்டினாலும் போட்டுவிடுவார்.”

இதை நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். ‘நல்லவேளை’ என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அப்பாவோடு ஐம்பது வருடத்துக்குக் கிட்ட குடும்பம் நடத்திய பெண், இரண்டு மாதத்துக்கு முன் அவர் வாயில் அரிசி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடும் நிலையில் ஒரு மனுஷி இருக்கிறார் என்றால், அவர் சம்மதித்துவிட்டார் என்றா அர்த்தம்? அவர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை என்று அர்த்தம். நில அலுவலகத்துப் பாரங்கள் (படிவங்கள்) மலாயில் இருக்கும். அம்மா தமிழில் கையெழுத்துப் போடுகிறவர். அவர் எதில் போடுகிறார் என்று உங்களில் ஒருவராவது படித்துக் காட்டினீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன். அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை இல்லை. தம்பி என்கிறான், தங்கைகள் என்கிறார்கள், நான் போட்டேன். அம்மா மட்டும் பேசவே இல்லை.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். நாலு பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். யார் யார் அந்த நாலு பேர்? நீங்கள், தம்பி, இரண்டு தங்கைகள். அம்மாவை எங்கே வைத்தீர்கள்?

முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம்தான் பேசும். 1997இல் அதைத் திருத்தினார்கள். மனைவியும் பிள்ளைகளும் இருந்து, இறந்தவரின் அப்பா அம்மா உயிரோடு இல்லை என்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. வீடு 300,000 வெள்ளி போகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 100,000. உங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கு 50,000. நாலு பங்கு போட்டால் ஆளுக்கு 75,000 வருகிறதே, அந்த 25,000 யாருடையது? நாலு பிள்ளைகளும் ஆளுக்கு 25,000 அம்மாவின் மடியிலிருந்து எடுக்கிறீர்கள். கோபப்படாதீர்கள், கூட்டிப் பாருங்கள்.

தங்கைகள் கேள்விக்கு நீளமாக எழுத ஒன்றும் இல்லை. அந்தச் சட்டத்தில் மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்பதும் கிடையாது. நகைக் கணக்கை எடுத்தால், உங்கள் படிப்புக்கு அப்பா செலவழித்த கணக்கையும் எடுக்க வேண்டி வரும். அதை விடுங்கள்.

இபிஎஃப் பணம் இன்னும் சுலபம். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் ஒருவர் பெயரைக் கொடுத்திருந்தால், அந்தப் பணம் அந்த ஆளுக்கே சொந்தம். வீட்டோடு சேர்த்துப் பிரிக்கும் பணம் அல்ல அது. உங்கள் அப்பா உயில் எழுதவில்லை என்று குறைப்படுகிறீர்கள். ஆனால் ஓரிடத்தில் அவர் தன் மனசைத் தெளிவாக எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார். அந்தப் பாரத்தில் உங்கள் அம்மாவின் பெயரைப் போட்டார். அதைக்கூட ‘பொதுவில்’ சேர்க்கச் சொல்கிறார்கள் என்று நீங்கள் சும்மா எழுதிவிட்டுப் போகிறீர்களே, மூத்த மகன் அங்கேயே ‘கூடாது’ என்று சொல்லியிருக்க வேண்டாமா?

9,000 வெள்ளி உங்களுக்கு வலிக்கிறது, புரிகிறது. நியாயமான ஈமச் செலவை இறந்தவரின் சொத்திலிருந்து முதலில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ரசீதுகளை எடுத்து வையுங்கள். தகனம், வண்டி, பூசாரி, இதெல்லாம் கேட்கலாம். பதினாறாம் நாள் பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை அதில் சேர்க்காதீர்கள். அது நீங்கள் உங்கள் அப்பாவுக்குச் செய்தது.

அந்தப் பதினாறாம் நாளைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அன்று உங்கள் தலையில் உருமால் கட்டினார்களா? மூத்தவர், குறைவில்லாமல் செய்தோம் என்கிறீர்கள், கட்டியிருப்பார்கள். எதற்குக் கட்டினார்கள் என்று யாராவது சொன்னார்களா? அப்பா சுமந்ததை இனி நீ சுமக்கிறாய் என்று ஊரறியச் சொல்வதற்குத்தான் அந்தத் துணி. அவர் முதலில் சுமந்தது யாரை? வீட்டையா? அந்த வீட்டுக்குள் இருக்கும் பெண்ணை. தாய்வீட்டார் அம்மாவுக்குக் கோடிச் சேலை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அவர்கள் கடமை அங்கே முடிந்தது. உங்களுடையது அன்றைக்குத்தான் தொடங்கியது.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் எங்கே காட்டினாலும் போடுகிறவர்தான். பெரியப்பா போன மூன்றாவது மாதமே வீடு விற்றாகிவிட்டது. மூன்று பிள்ளைகள், ஆளுக்கு நாலு மாதம் என்று அவரைப் பிரித்துக்கொண்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, வேளைக்குச் சோறு போட்டார்கள். ஆனால் அவருடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், கடைசிவரை விற்ற வீட்டின் முகவரிதான் இருந்தது. மாற்றுவதென்றால் யார் வீட்டு முகவரியைப் போடுவது? மூவரும் பேசி முடிவு செய்யவே இல்லை. அவர் இறந்த பிறகு மரணப் பத்திரம் எடுக்கப் போனபோதுதான் நான் அதைப் பார்த்தேன். வேறு யாரோ குடியிருக்கும் வீடு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு சூடாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

சரி, செய்ய வேண்டியது.

விற்பனைப் பேச்சை நிறுத்துங்கள். தலைத்திவசம் முடியும்வரை வீட்டில் நல்ல காரியம் வைக்கமாட்டோம், கல்யாணம் பேசமாட்டோம். வீட்டை விற்க மட்டும் அந்த ஒரு வருடம் பொறுக்காதா? தம்பிக்குப் பணமுடை என்றால் அதைத் தனியாகப் பேசி, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். அதற்கு அம்மாவின் கூரையைப் பிரிக்க வேண்டாம்.

ஆனால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள், அது வேறு இது வேறு. உயில் இல்லாமல் வீடோ நிலமோ விட்டுப் போனவரின் சொத்து, சட்டம் சொல்லும் மதிப்பு வரம்புக்குள் இருந்தால், சிறு சொத்துப் பங்கீடு என்று நில அலுவலகம் வழியாகவே முடிக்கலாம். அதற்கு ‘பாரம் ஏ’ இருக்கிறது. மரணப் பத்திரம், கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்), எல்லாருடைய ஐசி, பிறப்புப் பத்திரம், அம்மாவின் கல்யாணப் பத்திரம் எல்லாம் தேவைப்படும். தோட்டத்தில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். அம்மாவிடம் பத்திரம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்றால், வாரிசுகளில் ஒருவர் கண்ணை மூடுவார், அவருடைய வாரிசுகளும் வந்து சேருவார்கள். தாத்தா பெயரிலேயே இன்றும் கிடக்கும் கிராண்டுகள் எல்லாம் இப்படி ஆனவைதான்.

பிறகு விசாரணைக்கு நாள் கொடுப்பார்கள். வாரிசுகளை உட்கார வைத்து அதிகாரி கேட்பார். அன்று அம்மாவை நேரில் கூட்டிப் போங்கள். யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை அங்கே சொல்லலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால், என் பங்கை அம்மா பெயருக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று முதல் ஆளாகச் சொல்வேன். மூத்தவர் சொன்னால் தங்கைகள் சொல்வார்கள், தம்பி கடைசியில் வருவான். வராவிட்டால் அவன் ஆறில் ஒன்று அவனுடையது, எடுத்துக்கொள்ளட்டும். அப்புறம் அம்மா விரும்பினால் அவரே ஓர் உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், உயிலில் பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறுங்கள். தம்பியையும் தங்கைகளையும் வீட்டுக்கு வரச்சொல்லாதீர்கள். நீங்கள் மட்டும் அம்மாவோடு இருங்கள். இரவு சாப்பிட்டு முடித்த பிறகு, உங்களுக்கு இந்த வீட்டிலேயே இருக்க ஆசையா அம்மா என்று கேளுங்கள். அவர் ‘நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்’ என்பார். அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லாரும் முதலில் சொல்வது அதுதான், அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். மறுநாள் காலையிலும் கேளுங்கள். அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, அந்த அட்டை யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால், அதை எடுத்துத் தமிழில் வரிக்கு வரி வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அங்கேயே கிழித்துவிடுங்கள்.

அப்புறம் எனக்கு எழுதுங்கள். அம்மா சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள்.