எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. மணிக்கட்டு வலி ஏன் போகவில்லை?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பிளம்பராக ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். வயது 34. 12 நாட்களுக்கு முன், அப்போதுதான் துடைத்திருந்த தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். மேலாளர் சொன்னபடி வேலைக்குப் போகிறேன். ஸ்பேனரைத் திருகினால் கட்டைவிரல் பக்கம் உயிர் போகிறது. எண்ணெய் தேய்த்து நீவலாமா?

பதில்: நீவ வேண்டாம். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டில் ஒரு சிறு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? வலித்தால், வேறு விதமாக நிரூபணமாகும்வரை மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் உள்ள ஸ்கேபாய்டு என்ற சிற்றெலும்பு முறிந்திருப்பதாகவே கருத வேண்டும்.

முந்திரிப்பருப்பு அளவேயான இந்த எலும்பின் மெல்லிய விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் பலருக்குத் தெரிவதில்லை. அதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து வருகிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத் துண்டு இரத்தமின்றிச் செத்துப்போகக்கூடும். எலும்பு கூடாமல் விட்டால் சில ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வரும். கையை நம்பிப் பிழைக்கும் உங்களுக்கு அது பேரிழப்பு. இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் ஸ்கேபாய்டுக்குரிய கோணங்களில் மறுபடி எக்ஸ்ரே எடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. அதுவரை மணிக்கட்டை அசையவிடாத பட்டை அணியுங்கள், துணிக்கட்டு போதாது. முறிவு உறுதியானால் பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் மாவுக்கட்டு; எலும்பு விலகியிருந்தால் அறுவை சிகிச்சை. புகைபிடிப்பவரானால் நிறுத்துங்கள், எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும்.

இது வேலையில் நேர்ந்த காயம். விபத்துப் பதிவேட்டில் நாள், நேரம், இடம், பார்த்தவர் பெயருடன் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ள ஒப்பந்தத் தொழிலாளருக்கும், மருத்துவச் சான்றின் பேரில் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். ஆகவே வலியோடு ஸ்பேனர் பிடிக்க எந்த அவசியமும் இல்லை. எக்ஸ்ரே தாளைக் காட்டி உங்களை வேலைக்கு அனுப்பியது தவறு என்றே சொல்வேன்.

நடைபாதையை முழு அகலமாக நனைக்காமல் பாதி பாதியாகத் துடைத்து, காய்ந்தபின் மறுபாதியைத் துடைக்கலாம் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். ஹவாய் செருப்போடு ஈரத்தில் நடக்காதீர்கள். பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட, குதிகால் மூடிய ஷூ வேண்டும். கட்டு இருக்கும்வரை ஏணியில் ஏற யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.