இரண்டாவது டீசல் டேங்க் வைக்கலாம், இன்ஜினுக்கு நேராகக் கொடுக்காதீர்கள்

சேண்பாக்கத்திலிருந்து வெங்காய வியாபாரம் செய்யும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2009 மாடல் டாடா 207 பிக்கப் வைத்திருக்கிறார், வாரம் ஒரு நடை கர்னூல் போய் லோடு ஏற்றி வேலூர் மார்க்கெட்டில் இறக்குகிறார். போக வர 800 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 11 கொடுக்கிறது, ஃபுல் டேங்க் அடித்தாலும் 600 தாண்டுவதில்லை. ஆந்திராவில் டீசல் விலை அதிகம் என்பதால், கேபினுக்குப் பின்னால் 60 லிட்டரில் ஒரு டேங்க் வைத்து, டியூப் போட்டு மெயின் டேங்கில் இறக்கித் தருகிறேன் என்று தெரிந்த வெல்டர் ஒருவர் சொல்கிறாராம். செய்யலாமா?

முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 800 கிலோமீட்டருக்கு உங்களுக்கு 73 லிட்டர் வேண்டும். டேங்கை வறட்டிவிடாமல் ஓட்டுவதாக வைத்தால், ஒரு நடைக்கு ஆந்திராவில் 25, 30 லிட்டர் போடுகிறீர்கள். லிட்டருக்கு நாலைந்து ரூபாய் வித்தியாசம் என்றால் மிச்சம் ஆவது அதிகபட்சம் 150 ரூபாய். ஒழுங்காகச் செய்த டேங்க், வால்வு, பைப், பிட்டிங் கூலி எல்லாம் சேர்த்து 15,000-க்குக் குறையாது என்று நினைக்கிறேன். அதை எடுக்கவே இரண்டு வருஷம் ஆகிவிடும். விலைக்காக மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள். ராத்திரி நேரத்தில் வழியில் ராயச்சோட்டிப் பக்கம் நம்பகமான பங்க் தேடி அலைய வேண்டாம், தெரிந்த பங்க் டீசலையே கடைசிவரை ஓட்டலாம் என்று நினைத்தால் அது வேறு கணக்கு, அதற்காகச் செய்யலாம்.

அப்படிச் செய்வதானால், வெல்டர் சொன்னதில் பாதி சரி. இரண்டாவது டேங்கிலிருந்து இன்ஜினுக்கு நேரே லைன் கொடுக்காமல் மெயின் டேங்கில் இறக்கச் சொல்கிறார் பாருங்கள், அது நல்ல யோசனை. காரணம் ரிட்டர்ன் லைன். டீசல் இன்ஜின் இழுக்கிற டீசலை எல்லாம் எரிப்பதில்லை, பம்ப்பிலும் இன்ஜெக்டரிலும் மிஞ்சுவது ரிட்டர்ன் பைப் வழியாக டேங்குக்கே திரும்பும். இரண்டாவது டேங்கிலிருந்து இழுத்து, ரிட்டர்ன் மட்டும் பழையபடி மெயின் டேங்குக்குப் போனால், ஏற்கெனவே நிறைந்திருக்கும் மெயின் டேங்க் மூடி வழியாக வழிய ஆரம்பிக்கும். சப்ளையையும் ரிட்டர்னையும் ஒன்றாக மாற்றுகிற ஆறு வழி வால்வு போட்டால் சரியாகும்தான், ஆனால் பதினைந்து வயது தாண்டிய வண்டியில் அவ்வளவு ஜாயிண்ட் வைத்தால் எங்காவது ஒன்று காற்றை இழுக்கும். அப்புறம் ரோட்டோரம் நிறுத்தி ஏர் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இன்ஜின் எப்போதும் மெயின் டேங்கிலிருந்தே குடிக்கட்டும், இரண்டாவது டேங்க் அதற்கு ஊற்றட்டும்.

வெல்டர் சொல்லாமல் விட்டது, அதை எப்படி நிறுத்துவது என்பதை. மேலே இருக்கும் டேங்கிலிருந்து வெறும் டியூப் போட்டால் கீழ் டேங்க் நிறைந்த பிறகும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கையால் திருகும் டேப் போட்டு அதை மூட மறந்தீர்கள் என்றால், காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் உங்கள் பின்னால் வரும் பைக்காரர்தான் சறுக்கி விழுவார். அதனால் கரன்ட் கொடுத்தால் மட்டும் திறந்து, கரன்ட் போனதும் தானாக மூடிக்கொள்ளும் 12 வோல்ட் சோலினாய்டு வால்வு கட்டாயம் வேண்டும். டேஷ்போர்டில் ஒரு டைமர் சுவிட்ச், கூடவே ஒரு சிவப்பு லைட், லைனில் ஃபியூஸ். மெயின் டேங்க் கால்வாசிக்கு இறங்கிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று முதலிலேயே ஒரு கேனில் பிடித்து அளந்து, அதற்கேற்ப டைமரை வையுங்கள்.

வால்வு வாங்கும்போது இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபயருக்கு விற்கிற சோலினாய்டு மலிவாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். அந்த மாதிரி வால்வு பலதும் திறக்கவே பின்னால் பிரஷர் வேண்டும், டேங்கிலிருந்து தானாக இறங்கும் டீசலுக்கு அது போதாது. உள்ளே இருக்கும் ரப்பரும் தண்ணீருக்கானது, டீசலில் ஊறி உப்பிவிடும். பிரஷர் இல்லாமலே திறக்கிற டைரக்ட் ஆக்டிங் வகை, டீசலைத் தாங்கும் நைட்ரைல் அல்லது வைட்டான் ரப்பர் சீல் என்று சொல்லிக் கேளுங்கள்.

டேங்க் ஜி.ஐ. ஷீட்டில் வேண்டவே வேண்டாம். துரு பிடிக்காது என்று சொல்வார்கள், ஆனால் துத்தநாகப் பூச்சு டீசலோடு சேர்ந்து பசை மாதிரி ஒன்றை உண்டாக்கும், அது போய் ஃபில்டரை அடைக்கும். ஜி.ஐ. பைப்பும் ஆகாது, செம்புப் பைப்பும் டீசலில் பசை உண்டாக்கும், அதுவும் ஆகாது. 2 எம்.எம். எம்.எஸ். (பூச்சில்லாத சாதா இரும்பு) ஷீட் அல்லது ஸ்டெயின்லெஸ் போதும். உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடு குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவிலும் பிரேக்கிலும் 50 கிலோ டீசல் ஒரே பக்கம் மோதும். அடியில் ஒரு டிரெயின் போல்ட், மேலே காற்று போக வர வென்ட் டியூப், பூட்டு வைத்த மூடி. வென்ட் இல்லையென்றால் உள்ளே வேக்குவம் பிடித்து டீசல் இறங்குவதே நின்றுவிடும். கழுத்து வரை அடிக்காதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில், காலையில் அடித்த 60 லிட்டர் மதியத்துக்குள் ஒரு லிட்டர் அளவுக்கு விரியும்.

கொணவட்டத்தில் பழைய டேங்க் கிடைக்கிறதே, அதையே வெட்டி ஒட்டலாமா என்றால், காலியான டீசல் டேங்க்தான் அதிக ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி வெல்டிங் பொறியில் வெடிக்கும். புதுத் தகட்டில் செய்யச் சொல்லுங்கள். செய்து முடித்ததும் லேசாகக் காற்றடித்து சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். சைலன்சரிலிருந்து தள்ளி, ரப்பர் வைத்துப் பட்டை போட்டுக் கட்டுங்கள். சேஸிஸில் ஓட்டை போட வேண்டியிருந்தால் நடுப் பட்டையில்தான், மேல் கீழ் விளிம்பில் கூடாது. சேஸிஸில் வெல்டிங்கும் வேண்டாம்.

டேங்கும் டீசலும் சேர்ந்தால் 70, 80 கிலோ, அதாவது ஒன்றரை மூட்டை வெங்காயம். ஏற்றுவதில் அவ்வளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக்கூடாது. ஆர்.சி.யில் காலி எடை இருக்கிறது, டேங்க் வைத்தால் அது மாறும். உங்கள் வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேறு. அதனால் தகடு வாங்குவதற்கு முன்பே ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் மோட்டார் வாகன ஆய்வாளரைப் பாருங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்துவிட்டு, பிறகு விபத்து ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கை வைப்பது இதில்தான். ஆய்வாளர் முடியாது என்றால் முடியாதுதான்.

அதற்குள் மெயின் டேங்கைக் கழற்றிக் கழுவிவிடுங்கள். இத்தனை வருஷத்துச் சேறும் தண்ணீரும் அடியில் கிடக்கும். இன்ஜெக்டரையும் ஒருமுறை டெஸ்ட் செய்து, பிரேக் பிடித்தபடி ஓடுகிறதா என்று வீலைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். 11 கொடுக்கிற வண்டி 13 கொடுத்தால் அதே டேங்கில் 700 ஓடும், மீதிக்கு ஒரு பத்து லிட்டர் ஆந்திராவில் போட்டுக்கொள்ளலாம்.