எச்-1பி நண்பருக்குத் துப்பாக்கியை விற்கலாமா?

கேள்வி: டெக்ஸாஸில் டாலஸுக்கு அருகே கிரீன் கார்டுடன் வசிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கடையில் வாங்கிய 9 எம்.எம். கைத்துப்பாக்கியை, எச்-1பி விசாவில் இருக்கும் அலுவலக நண்பருக்கு விற்க நினைக்கிறேன். தனிநபர் விற்பனைக்குப் பின்னணிச் சோதனை தேவையில்லை என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் இந்தச் சோதனையைப் பற்றி அமெரிக்காவில் ஏன் இவ்வளவு சர்ச்சை?

பதில்: டெக்ஸாஸில் ஒரே மாநிலத்தில் வசிக்கும் இருவருக்கிடையிலான தனிநபர் விற்பனைக்குச் சோதனை கட்டாயமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இந்த நண்பருக்கு விற்பது, பெரும்பாலும், கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகும். சோதனையிலிருந்து விலக்குக் கிடைப்பது வேறு, விற்பதற்கு அனுமதி இருப்பது வேறு.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்பது பொது விதி. அமெரிக்காவில் வழங்கப்பட்டு நடப்பில் உள்ள வேட்டை உரிமம் கையில் இருப்பது முக்கியமான விதிவிலக்கு. அந்த விதிவிலக்கு இல்லாதவர் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க நியாயமான காரணம் இருந்தோ விற்றால், 2022-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு வைத்திருக்கும் உங்களையே நாடுகடத்த வழியுண்டு. வார இறுதியில் சுடுதளத்துக்கு அழைத்துப்போய் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதுகூட இதே சிக்கலில் மாட்டிவிடக்கூடும்.

நீங்கள் வாங்கியபோது கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பியிருப்பீர்கள். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா, கடுங்குற்றத் தண்டனை உண்டா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை உண்டா, கஞ்சா பயன்படுத்துகிறீர்களா, என்ன விசாவில் இருக்கிறீர்கள் என்றெல்லாம் அது கேட்கும். கடைக்காரர் அந்த விவரங்களை எஃப்.பி.ஐ. மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் நடத்தும் உடனடிச் சோதனை அமைப்புக்கு அனுப்புவார். 'தொடரலாம்', 'தாமதம்', 'மறுப்பு' என மூன்றில் ஒரு பதில் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். அதிபர் ரீகன் மீதான 1981-ஆம் ஆண்டுத் தாக்குதலில் படுகாயமடைந்த, அவருடைய செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் பெயரால் 1993-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, 1998 நவம்பரில் இந்த அமைப்பு இயங்கத் தொடங்கியது. அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது உரிமம் பெற்ற வணிகர்களை மட்டுமே. சர்ச்சையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2019 ஆகஸ்டில் மிட்லேண்ட்–ஒடெஸாவில் ஏழு பேரைச் சுட்டுக்கொன்றவர், 2014-இல் கடையில் சோதனையில் மறுக்கப்பட்டவர். பின்னர் தனிநபர் ஒருவரிடம், எந்தச் சோதனையுமின்றி, துப்பாக்கியை வாங்கினார். உரிமமில்லாமல் துப்பாக்கி வணிகம் செய்ததற்காக விற்றவரும் சிறை சென்றார். எல்லா விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்போர் சுட்டிக்காட்டுவது இத்தகைய ஓட்டையைத்தான். கலிஃபோர்னியா, கொலராடோ, வாஷிங்டன் முதலிய மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் அதை அடைத்துவிட்டன. சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பின், 2013 ஏப்ரலில், துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் இணையத்திலும் நடக்கும் விற்பனைக்குச் சோதனையை விரிவாக்கும் திருத்தம் செனட்டில் 54–46 என்ற பெரும்பான்மை பெற்றும், தேவையான 60 வாக்குகள் கிடைக்காமல் வீழ்ந்தது.

எதிர்ப்பவர்களின் வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. யாரிடம் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்ற பதிவேடு இல்லாமல், இரண்டு பேர் வீட்டுவாசலில் கைமாற்றிக்கொள்வதை அரசு எப்படிக் கண்டுபிடிக்கும் என்பது அவர்கள் கேள்வி. அத்தகைய தேசியப் பதிவேட்டையோ 1986-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அனுமதிக்கப்பட்டவர்களின் அடையாள விவரங்களை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்தாகவேண்டும். குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்த கைதிகளில் சுமார் 43 விழுக்காட்டினர் அதைத் தெருவிலோ கள்ளச்சந்தையிலோ பெற்றதாக 2016-இல் நடந்த அரசுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் கள்ளச்சந்தைக்குச் சரக்கு எங்கிருந்து போகிறது என்று மறுதரப்பு திருப்பிக் கேட்கிறது. அதுவும் நியாயமான கேள்விதான்.

என் பார்வையில், இந்த இரு தரப்பும் போதிய கவனம் தராத பலவீனம் ஆவணங்களில் இருக்கிறது. கோபிசெட்டிபாளையம் பகுதியிலிருந்து சென்ற பேராசிரியர் ஒருவர் உட்பட 32 பேர் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007-இல் கொல்லப்பட்டார்கள். கொலையாளியின் மனநலம் குறித்த நீதிமன்ற ஆணை சோதனை அமைப்புக்குப் போய்ச் சேரவே இல்லை. பத்தாண்டுகள் கழித்து டெக்ஸாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் சுட்டவரின் தண்டனை விவரத்தை விமானப்படை அனுப்பாமல் விட்டிருந்தது. 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவருக்கோ, மூன்று வேலைநாளுக்குள் சோதனை முடியாததால் துப்பாக்கி கிடைத்தது. அப்படி முடியாவிட்டால் கடைக்காரர் விற்கச் சட்டம் இடம் தருகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். நண்பரிடம் நடப்பிலுள்ள வேட்டை உரிமம் இல்லையென்றால் விற்பனையைக் கைவிடுங்கள். குடியுரிமை பெற்ற இன்னொருவர் தன் பெயரில் வாங்கி அவருக்குக் கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள உறவினருக்காக வாங்கியவர், படிவத்தில் தானே வாங்குவதாகப் பொய் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டதை 2014-இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது. உரிமம் இருந்தால், இருவரும் உரிமம் பெற்ற கடைக்குச் சென்று அதன் வழியே கைமாற்றுங்கள். கடைக்காரர் தன் சொந்தச் சரக்கை விற்பதுபோலவே படிவம் நிரப்பச் செய்து சோதனையும் நடத்துவார். கட்டணம் கடைக்குக் கடை மாறும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நண்பர் தன் விசா ஆவணங்களோடு வேட்டை உரிமத்தையும் கொண்டுவர வேண்டும். 'மறுப்பு' என்று வந்தால் அவர் எஃப்.பி.ஐ.யிடம் மேல்முறையீடு செய்யலாம். அது முடியும்வரை துப்பாக்கியை அவரிடம் கொடுக்காதீர்கள்.