மரத்தளக் குளியலறையில் டைல்ஸ் பதிக்கலாமா?

கேள்வி: புதுச்சேரியில் உள்ள எங்கள் பழைய வீட்டின் மாடிக் குளியலறைக்கு மரப்பலகைத் தளம்தான். அதன்மேல் நேராகச் சிமென்ட் கலவை போட்டு டைல்ஸ் பதித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா, ஐயா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: அருள்கூர்ந்து அவ்வாறு செய்ய விடாதீர்கள், அம்மா. மழைக்கால ஈரத்தில் உப்பி, கோடையில் சுருங்கும் பலகையின்மேல் விறைப்பான சிமென்ட் கலவை நிலைக்காது. இணைப்புகள் விரிந்து, அவற்றின் வழியே இறங்கும் நீர் கண்ணுக்குத் தெரியாமலே உத்திரத்தை உளுத்துப்போகச் செய்யும்.

முதலில் சில பலகைகளைப் பெயர்த்து, உத்திரங்களை, குறிப்பாக அவை சுவருக்குள் நுழையும் முனைகளை, திருப்புளியால் குத்திப் பாருங்கள். மரம் மெத்தென்று உள்வாங்கினாலோ கரையான் தடம் இருந்தாலோ அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. டைல்ஸின் எடையை உத்திரங்கள் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்வது நல்லது. நடக்கையில் தளம் அசைந்தால் உத்திரங்களுக்கிடையே குறுக்குச் சட்டங்கள் அடிக்க வேண்டும்.

அதன்பின் 18 மி.மீ. மரைன் பிளைவுட்டையும் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை), அதன்மேல் சிமென்ட் போர்டையும், இரண்டின் இணைப்புகளும் ஒரே கோட்டில் வராதபடி, ஏறத்தாழ 3 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். கடற்காற்று வீசும் ஊர் என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளே வேண்டும். நீர் வெளியேறும் துளையை நோக்கிய சரிவையும் இப்போதே அமைத்துவிடுங்கள்.

நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரிலும் குறைந்தது 15 செ.மீ. உயரத்துக்கு ஏற்றிப் பூசி, நன்கு உலர்ந்தபின், துளையை அடைத்து 24 மணி நேரம் நீர் தேக்கிக் கீழ்த்தளக் கூரையைக் கவனியுங்கள். கசிவில்லையெனில் நெகிழ்வுத்தன்மையுள்ள, பாலிமர் கலந்த டைல்ஸ் பசையால் பதிக்கலாம்; சுவரோரத்து இடைவெளியில் மட்டும் சிலிகான் நிரப்பச் சொல்லுங்கள்.