நடுங்கும் படங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓய்வு நேரத்தில் நீர்வண்ண ஓவியம் வரைபவள் நான். சென்ற ஆண்டு அம்மா மறைந்தார். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அவரைப் பற்றி, கையாலேயே வரைந்து 4 நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்றைத் தனியாக எடுக்க ஆசை. சோதனைக்கு 40 படங்கள் வரைந்து ஓட்டிப் பார்த்தேன். தனித்தனியாக ஒவ்வொன்றும் நன்றாகவே இருக்கிறது. ஓடும்போது சுவர், ஜன்னல், அம்மாவின் கன்னம் எல்லாமே நடுங்குகின்றன. இதை எப்படி நிறுத்துவது? காகிதத்தில் வரையலாமா, கண்ணாடியிலா? முக்கியமான படங்களை மட்டும் வரைந்துவிட்டு இடையில் வருவதை சாப்ட்வேரிடம் விடலாமா? என்ன கேமரா வேண்டும்? பின்னணியில் வயலினும் என் கவிதையும் வரும். முடித்ததும் எந்தத் திரைப்பட விழாக்களுக்கு அனுப்பலாம் என்றும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

விழாவை முதலில் தள்ளிவைப்போம். திரையில் வினாடிக்கு 24 பிரேம் (அசையாத தனிப்படம்) ஓடும், நீங்கள் வரைந்த ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படம். உங்கள் 40 படம் மூன்றரை வினாடிகூட ஓடாது. 4 நிமிடத்துக்கு 2,880 வேண்டும். விழாவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

சாப்ட்வேரிடம் விடலாமா என்றால், தாராளமாக விடுங்கள். அம்மாவின் கை எப்படித் துணியைத் தள்ளும் என்று அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர் சும்மா இருக்க, தெரியாதது வேலை செய்யும். அதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த நடுக்கம்தான் என்னைப் பதில் எழுத வைத்தது. அண்மையில் ஒருவர் தன் குறும்படத்தைக் காட்டினார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் சுவரில் மாட்டலாம், அவ்வளவு அழகு. ஓட விட்டால் தூக்கம் வந்தது. ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

நடுக்கத்தில் இரண்டு வகை. கேமராவாலும் வெளிச்சத்தாலும் வருவது ஒன்று. அது கோளாறுதான், சரிசெய்தே ஆகவேண்டும். எக்ஸ்போஷர் (ஒளியின் அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) எல்லாவற்றையும் மேனுவலில் பூட்டுங்கள். ஜன்னலை மூடி ஒரே விளக்கில் வேலை செய்யுங்கள், மேகம் நகர்ந்தாலே படத்தில் தெரியும். வெளிர் நிறச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்தால் அதன் ஒளியும் படத்தில் விழும், கறுப்பு உடுத்துங்கள். சுவரும் ஜன்னலும் நடுங்குவதற்குக் காரணம், நீங்கள் அவற்றையும் 40 முறை வரைந்திருக்கிறீர்கள். எதற்கு? ஒருமுறை வரைந்து கீழே வையுங்கள், அசைவதை மட்டும் மேலே ஒரு கண்ணாடியில் வரையுங்கள்.

இன்னொன்று வண்ணத்தின் நடுக்கம். நீர்வண்ணம் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி பரவிக் காயும், தூரிகை ஒரே கோட்டில் இரண்டு முறை போகாது. அனிமேஷன்காரர்கள் ‘பாயில்’ (boil, கொதிப்பு) என்று சொல்வது இதைத்தான். இதை ஏன் நிறுத்த வேண்டும்? கன்னம் துளி நடுங்காமல் வேண்டுமென்றால் கையால் வரைவானேன்?

உங்கள் உண்மையான சிக்கல், நீங்கள் மிக நன்றாக வரைகிறீர்கள் என்பதுதான். பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் நிழல் தீட்டியிருப்பீர்கள். பார்ப்பவருக்கு அது கிடைப்பது வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம். அவர் பார்ப்பது சுருக்கத்தை அல்ல, இந்தப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை. அனிமேஷன் கலைஞர் நார்மன் மெக்லாரன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான், ஒவ்வொரு பிரேமிலும் இருப்பதைவிட இரண்டு பிரேமுக்கு நடுவில் நடப்பதே முக்கியம் என்று. கேமராவே இல்லாமல் ஃபிலிமின் மேல் நேரடியாக வரைந்தவர் அவர்.

எனவே கண்ணாடி. ஒரு காலத்தில், கண்ணாடியில் எண்ணெய் வண்ணத்தால் படமெடுக்கும் ஒருவருக்கு எடுபிடியாக இருந்தேன். பிரேம் எண்ணைக் குறிப்பதும் அவர் சொல்லும்போது பொத்தானை அழுத்துவதும் என் வேலை. ஜன்னல் பக்கம் திரும்பும் ஒரு கிழவியின் முகத்தை வரைந்துகொண்டிருந்தார். பாதி திரும்பியபோது அந்த முகத்தில் இருந்த களைப்பை இன்னும் மறக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். அவர் துணியால் கிழவியின் மூக்கைத் துடைத்து எடுத்துவிட்டார். “ஐயோ அக்கா, ஒரு போட்டோவாவது எடுத்து வச்சிருக்கலாமே” என்று கத்தினேன். “எடுத்தாச்சேடா, இப்பத்தானே நீயே அமுக்கின” என்றபடி அடுத்த மூக்கைப் போட்டார்.

நீங்கள் 40 படங்களையும் உறையில் போட்டு வைத்திருக்கும் ரகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணாடியில் அந்த வசதி இல்லை. அடியிலிருந்து வெளிச்சம், ஒரே ஒரு படம், அதையே அழித்து மாற்றி மாற்றிக் கடைசிவரை போகவேண்டும். நீர்வண்ணத்தில் சில துளி கிளிசரின் கலந்தால் சீக்கிரம் காயாது. அலெக்சாண்டர் பெத்ரோவ் கண்ணாடியில் எண்ணெய் வண்ணத்தை விரல் நுனியால் தீட்டி 1999இல் ‘கிழவனும் கடலும்’ படத்தை முடித்தபோது 29,000 பிரேமுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். கரோலின் லீஃப் இதேபோல் கண்ணாடியில் வரைந்து 1976இல் எடுத்த ‘தி ஸ்ட்ரீட்’ வெறும் 10 நிமிடம். ஒரு முகம் குழைந்து அறையாகும், அறை குழைந்து தெருவாகும், பெரும்பாலும் வெட்டே தெரியாது. கதை என்ன தெரியுமா? பாட்டி செத்தால் அவள் அறை தனக்குக் கிடைக்கும் என்று காத்திருக்கும் ஒரு பையன். வயலின் வைத்து நம்மை யாரும் அழச் சொல்வதில்லை.

வயலினை எடுத்துவிடுங்கள். கவிதையையும்தான். கோபப்படாதீர்கள், அம்மாவை இழந்தவரிடம் இப்படிப் பேசுவது எனக்கும் எளிதல்ல. ஆனால் அழ வேண்டிய இடத்தை நீங்களே கோடு போட்டுக் காட்டினால் பார்ப்பவருக்கு ஒரு வேலையும் இருக்காது. அந்த மிஷின் இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் முதலில் அதன் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எந்தப் பிரேமில் சத்தம் விழுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். அதன் பிறகுதான் தூரிகை. வினாடிக்கு 6 தையல் விழுகிறது என்றால் ஒரு தையலுக்கு உங்களுக்குக் கிடைப்பது 2 படம். ஊசி மேலே, ஊசி கீழே, அவ்வளவுதான். அதைவிட வேகம் என்றால் ஊசியை வரையவே வேண்டாம், ஒரு சாம்பல் தீற்றல் போதும். துணி நகர்வதை வரையுங்கள், அம்மாவின் இடது கை அதைத் தள்ளுவதை. தையல் முடியும் இடத்தில் கை நின்று, நூலை அறுப்பதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி வருமே, அங்கே ஒரே படத்தை 20 பிரேமுக்கு நிறுத்துங்கள். அங்குதான் அவர் யார் என்பது தெரியும்.

பழைய 40 படங்களைப் பாதுகாக்க ஃபிக்ஸேட்டிவ் (வண்ணம் உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பு) அடிக்கும் எண்ணம் இருந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். வண்ணப் பென்சிலால் அற்புதங்கள் செய்த ஃபிரெடெரிக் பாக் அந்தத் தெளிப்பால் ஒரு கண்ணையே இழந்தார்.

கேமராவுக்கு உங்கள் போன் போதும், அசையாத ஸ்டாண்டில் இருந்தால் சரி. 10 வினாடி, 120 படம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். வயலின் இருந்தால் பார்க்க மாட்டேன்.